மூப்பும் பால்வேற்றுமையும் ஞாபகத்தின் உறுப்பும்

வயது ஏற ஏற ஞாபகம் தளர்கிறது என்பதும், ஸ்திரீகளின் ஞாபகசக்தியும் புருஷர்களின் ஞாபகசக்தியும் ஒரே தன்மையுடையன அல்ல என்பதும், எந்த நாட்டாரைக் கேட்டாலும் தயக்கமின்றிச் சொல்லும் இரண்டு அபிப்பிராயங்கள். முன்னதற்கு வீட்டுக்கு வீடு சாட்சி உண்டு. பின்னதற்குச் சாட்சியைக் காட்டிலும் நம்பிக்கையே அதிகம். மூளையின் அமைப்பிலேயே இவ்விரண்டுக்கும் காரணம் காணக் கிடைக்குமா என்ற வினாவை மேல்நாட்டு வைத்திய சாஸ்திரம் ஏறக்குறைய நூற்றறுபது ஆண்டுகளாக எழுப்பி வருகிறது. அதற்கு வந்த விடைகளுள் சில அடியோடு கைவிடப்பட்டன. சில, ஒருமுறை தோற்ற பின்னும் வேறு வடிவம் எடுத்துத் திரும்பி வந்தன. அவ்விடைகள் எந்தச் சூழ்நிலையில் தோன்றின, எதன் பலத்தில் நிற்கின்றன, எவ்விடத்தில் தளர்கின்றன என்பதை ஒருங்கே வைத்து நோக்குவோமானால், அளவுகோல் மாறிய போதெல்லாம் விடையும் மாறியிருக்கிறது என்ற உண்மை தெளிவாகப் புலப்படும். இவ்வாராய்ச்சியின் சரித்திரத்தில் முக்கியமானது அதுவே என்பது நம் துணிபு.

ஞாபகத்துக்கு ஓர் இடம்

பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோஞா நகரத்து உடற்கூற்று ஆசிரியரான அரான்ஸியோ, மூளையின் இருபுறத்திலும் காதுக்கு உட்புறமாக ஆழத்தில் வளைந்து கிடக்கும் ஒரு மேட்டைக் கண்டு, கடற்குதிரையின் உருவம் தோன்றவே ஹிப்போகாம்பஸ் என்று அதற்குப் பெயரிட்டார். அது என்ன தொழிலைச் செய்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அவருக்குப் பின் முந்நூறு ஆண்டுகள் வரையில் பிறருக்கும் தெரியவில்லை. முகர்தலோடு சம்பந்தப்பட்டது என்றே பலர் எண்ணியிருந்தனர். 1900-ஆம் ஆண்டில் ருஷ்ய வைத்தியரான பெஃக்தெரேவ், கடுமையான ஞாபக இழப்போடு வாழ்ந்து மரித்த ஒருவரின் மூளையில் இப்பகுதி இருபுறமும் சிதைந்திருந்ததை எடுத்துக் காட்டியபோதும், அக்குறிப்பு அதிகக் கவனத்தை ஈர்க்கவில்லை.

நிலைமையை மாற்றியது ஒரு துயரமான ரண சிகிச்சை. 1953-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில், தீராத காக்கைவலிப்பால் வருந்திய ஹென்றி மொலேஸன் என்ற 27 வயது வாலிபரின் மூளையிலிருந்து, ஸ்கோவில் என்ற ரண வைத்தியர் ஹிப்போகாம்பஸின் பெரும் பகுதியையும் அதை அடுத்த இடங்களையும் இருபுறமும் அகற்றிவிட்டார். வலிப்பு குறைந்தது, ஆனால் அன்று முதல் புதிதாக எந்த நிகழ்ச்சியும் அவர் மனத்தில் தங்கவில்லை. குழந்தைப் பருவத்தை நினைவு கூர்ந்தார். பேச்சும் அறிவும் குன்றவில்லை. சற்று முன் தம்மோடு பேசியவரை மறுபடி கண்டால் புதியவராகவே பாவித்தார். 1957-இல் ஸ்கோவிலும், உளவியல் அறிஞரான பிரெண்டா மில்னர் அம்மையாரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை, ஞாபகத்தின் உற்பத்திக்கு இவ்வுறுப்பு இன்றியமையாதது என்பதை நிலைநாட்டியது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டுமே பார்த்து ஒரு நட்சத்திர வடிவத்தை வரையும்படி மில்னர் அவருக்குப் பயிற்சி கொடுத்தபோது, நாளுக்கு நாள் கை தேர்ந்தது. ஆனால் முந்தின நாள் அப்படி ஒன்று செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. ஆகவே ஞாபகம் என்று நாம் ஒரே பெயரால் வழங்குவது பலவகைப்பட்டது என்பதும், அவற்றுள் நிகழ்ச்சிகளைப் பற்றிய ஞாபகமே ஹிப்போகாம்பஸைப் பெரிதும் சார்ந்து நிற்கிறது என்பதும் அப்பொழுதே வெளியாயின. இந்த வேறுபாட்டை மறந்து, ஞாபகம் முழுவதையும் ஓர் உறுப்பின் அளவோடு முடிச்சுப் போடும் எழுத்துகள் இன்றும் வருகின்றன என்பது வருந்தத்தக்கது.

தராசின் காலம்

ஹிப்போகாம்பஸின் தொழில் அறியப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே, மூளையையும் பாலையும் இணைக்கும் வாதம் தராசில் தொடங்கிவிட்டது. 1861-இல் பாரிஸ் நகரத்து ஆஸ்பத்திரிகளில் மரித்தவர்களின் மூளைகளை நிறுத்த பால் புரோக்கா, 292 ஆடவர் மூளைகளின் சராசரி எடை 1,325 கிராம் என்றும், 140 பெண்டிர் மூளைகளின் சராசரி 1,144 கிராம் என்றும் கணக்கிட்டார். இந்த 181 கிராம் வித்தியாசத்தில் உடலின் பருமனுக்கு எவ்வளவு பங்கு, வயதுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்ப்பது அவருக்கு இயலாத காரியம் அன்று. மூளை எடையில் உடல் உயரத்தின் பங்கையும் மூப்பின் பங்கையும் அவரே நன்கு அறிந்திருந்தார். எனினும், பெண்களின் அறிவு குறைவு என்பதை முன்கூட்டியே முடிவு கட்டிக்கொண்டு, அக்குறைவுக்கும் எடையில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்று அவர் சாதித்தார். நிரூபிக்க வேண்டியதையே ஆதாரமாகக் கொள்ளும் இக்குற்றத்தை அவருடைய மாணாக்கர் வழியில் வந்த மானூவ்ரியே பின்னர் எடுத்துக் காட்டினார். உடலின் திரளைக் கணக்கில் சேர்த்தால் பெண்களே சிறிது முன்னிற்பர் என்பது அவருடைய முடிவு.

அமெரிக்காவில் இவ்விவாதத்தை நேருக்கு நேர் எதிர்கொண்டவர், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய ஹெலன் ஹாமில்டன் கார்டனர் அம்மையார். பெண் மூளையின் தாழ்வைப் பற்றிப் பிரசித்தி பெற்ற வைத்தியரான ஹாமண்ட் எழுதியபோது, அதற்கு ஆதாரம் எங்கே என்று பெயர்பெற்ற நிபுணர்களிடம் விசாரித்து, அவர்கள் ஒப்புக்கொண்டவற்றைக் கொண்டே 1888-இல் வாஷிங்டன் மகாநாட்டில் மறுப்புரை நிகழ்த்தினார். அதோடு நில்லாமல், கற்றறிந்த பெண்களின் மூளைகள் ஆராய்ச்சிக்குக் கிடைப்பதில்லை என்ற குறையைத் தீர்ப்பதற்காகத் தம் மூளையையே கார்னெல் சர்வகலாசாலைக்கு எழுதி வைத்தார். 1925-இல் அவர் மறைந்த பின், அம்மூளையைப் பரிசோதித்து 1927-இல் விவரம் எழுதியவர் ஜேம்ஸ் பேப்பெஸ். இவரே பத்து ஆண்டுகள் கழித்து, ஹிப்போகாம்பஸை ஒரு கண்ணியாகக் கொண்ட நரம்புச் சுற்று ஒன்றை விவரித்து அழியாப் புகழ் பெற்றார். எடையின் சரித்திரமும் ஞாபக உறுப்பின் சரித்திரமும் இங்ஙனம் ஒரே மனிதரின் மேஜையில் சந்தித்துக் கொண்டன.

மூப்பு: அழிவா, சுருக்கமா?

வயோதிகத்தில் மூளை நரம்பணுக்கள் தினந்தோறும் ஆயிரக்கணக்கில் மடிகின்றன என்று நம்மில் பலர் பள்ளிக்கூடத்திலேயே கேள்விப்பட்டிருப்போம். இக்கொள்கைக்கு விஞ்ஞான மதிப்புத் தந்தது 1955-இல் அமெரிக்கரான பிராடி வெளியிட்ட கணக்கு. மூளையின் மேலடுக்காகிய புறணியின் சில பகுதிகளில் முதியோருக்கு நரம்பணுக்கள் மிகவும் குறைந்திருப்பதாக அவர் கண்டார். மூன்று பத்தாண்டுகள் கழித்து ஜெர்மானியரான ஹௌக் இதில் ஒரு நுட்பமான பிழை ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தார். மூளையைக் கெடாமல் வைப்பதற்காக ரசாயனத் திரவத்தில் ஊறவைக்கும்போது, இளைஞரின் மூளை முதியோரின் மூளையைவிட அதிகமாகச் சுருங்குகிறது. சுருங்கியதால் ஒரு சதுரத்தில் அடங்கும் அணுக்களின் எண்ணிக்கை கூடித் தோன்றுகிறது. ஆகவே முதியோரிடம் குறைந்திருப்பது போன்ற மயக்கம் உண்டாகிறது. அடர்த்தியை எண்ணியவர்கள் மொத்தத்தை எண்ணியதாக நினைத்துக்கொண்டனர்.

மொத்தத்தைப் பாரபட்சமின்றி எண்ணும் முறை டென்மார்க்கில் உருவாயிற்று. அம்முறையைக் கையாண்ட பாக்கன்பெர்க், குண்டர்ஸன் ஆகிய இருவரும் 94 மூளைகளை ஆராய்ந்து, 20 வயது முதல் 90 வயது வரை புறணியின் நரம்பணுக்களில் ஏறத்தாழ 10 சதவீதமே குறைகின்றன என்று 1997-இல் தெரிவித்தனர். பெண்களின் சராசரி 1,900 கோடி, ஆடவரின் சராசரி 2,300 கோடி என்பதும் அவர்கள் கண்டதே. அதாவது முழு ஆயுளும் விளைவிக்கும் குறைவைவிடப் பாலினால் காணும் வேறுபாடு பெரியது. அவ்வளவு குறைந்த எண்ணிக்கையோடு பெண்கள் ஆடவருக்குச் சமமாகச் சிந்திக்கிறார்கள் என்றால், எண்ணிக்கையைக் கொண்டு ஆற்றலை மதிப்பிடும் வழக்கமே ஆட்டம் காண்கிறது என்று கொள்வது தகும்.

ஹிப்போகாம்பஸைத் தனியே எடுத்து எண்ணியவர் மார்க் வெஸ்ட். 1993-இல் அவர் கண்டது, இழப்பு எங்கும் சமமாக நிகழவில்லை என்பது. சில உட்பகுதிகளில் வயதோடு அணுக்கள் கணிசமாகக் குறைந்தன. அல்ஸைமர் நோயில் பெரிதும் அழியும் சி.ஏ.1 என்ற பகுதியிலோ இயல்பான மூப்பில் அத்தகைய இழப்புப் புலப்படவில்லை. மூப்பு வேறு, நோய் வேறு. நோய் என்பது முற்றிய மூப்பு அன்று என்ற கொள்கைக்கு இது வலிமையான ஆதாரம். அவர் ஆராய்ந்த மூளைகள் யாவும் ஆடவருடையவை என்பதையும் இங்கே குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

உயிரோடிருப்பவரின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியால் அளக்கும் வசதி வந்த பின், ஆராய்ச்சி புது வேகம் பெற்றது. மின்னசோட்டாவின் மேயோ கிளினிக்கில் கிளிஃபோர்ட் ஜாக் என்பவரும் உடனிருந்தோரும் 1998-இல் வெளியிட்ட கணக்கின்படி, நோயற்ற முதியோரின் ஹிப்போகாம்பஸ் ஆண்டுக்கு ஒன்றரை சதவீத அளவிலும், அல்ஸைமர் நோயாளரிடம் நான்கு சதவீத அளவிலும் சுருங்கியது. ஆரோக்கியமானவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்த பல ஆய்வுகளை 2015-இல் ஒன்றுதிரட்டிய ஆஸ்திரேலியத் தொகுப்பாய்வு, இயல்பான தேய்வு சராசரியாக ஆண்டுக்கு 0.85 சதவீதம் என்றும், நடுவயதில் அது மிகச் சொற்பம் என்றும், 70-ஐத் தாண்டியோரிடம் 1.1 சதவீதத்தை ஒட்டி வருகிறது என்றும் மதிப்பிட்டது. 2022-இல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மனிதரின் படங்களைச் சேர்த்து வரைந்த சர்வதேச வளர்ச்சி வரைபடம், மூளையின் சாம்பல்நிறப் பகுதி ஏறக்குறைய 6 வயதிலும், வெண்பகுதி 29 வயதை ஒட்டியும் உச்சத்தை எட்டுவதைக் காட்டுகிறது. எனவே ‘மூளையின் தேய்வு எப்பொழுது தொடங்குகிறது?’ என்று ஒருமையில் கேட்பதே பொருந்தாது.

இவ்வளவு ஒற்றுமையான சாட்சியத்திலும் ஒரு பலவீனம் உண்டு. இருபது வயதினரையும் எழுபது வயதினரையும் ஒரே காலத்தில் அளந்து ஒப்பிடுவோர், வெவ்வேறு காலத்தில் பிறந்து, வெவ்வேறு உணவு உண்டு, வெவ்வேறு அளவு கல்வி பெற்ற இரு தலைமுறைகளை ஒப்பிடுகிறார்கள். அங்கே காணும் வித்தியாசம் முழுவதையும் வயதின் மேல் ஏற்றுவது நியாயம் அன்று. ஒரே மனிதரைப் பல்லாண்டு தொடர்ந்து அளப்பதே நேரிய வழி. ஆனால் அதிலும், நோயுற்றோரும் சோர்ந்தோரும் இடையிலேயே விலகிப்போக, திடகாத்திரமானவர்களே கடைசி வரை மீள வருகிறார்கள். முதல் முறை மூப்பின் தீங்கை மிகைப்படுத்தக்கூடும். இரண்டாவது முறை அதைக் குறைத்துக் காட்டக்கூடும்.

எதனால் வகுப்பது?

பாலைப் பற்றிய விவாதத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. எந்த நாட்டில் அளந்தாலும் ஆடவரின் மூளை சராசரியில் பத்து சதவீத அளவுக்குப் பெரியது, தலையே பெரியது, ஆகவே ஹிப்போகாம்பஸும் பெரியது. இதில் எவருக்கும் ஐயம் இல்லை. கேள்வி என்னவென்றால், தலையின் பருமனைக் கழித்த பிறகும் ஏதேனும் எஞ்சுகிறதா என்பதே.

1990-களில் எழுந்த முதல் விடை, எஞ்சுகிறது என்பதும், அது பெண்களுக்குச் சாதகமானது என்பதும் ஆகும். 1994-இல் ஃபிலிபெக் குழுவினரும், 2001-இல் ஹார்வர்ட் வைத்தியக் கலாசாலையைச் சார்ந்த ஜில் கோல்ட்ஸ்டீன் குழுவினரும், மூளையின் மொத்தத்தோடு விகிதம் கட்டிப் பார்த்தால் பெண்களின் ஹிப்போகாம்பஸே பெரியது என்று எழுதினர். இடையில், 1996-இல் ஜே கீட் குழுவினர், வளரும் பருவத்தில் சிறுமியருக்கு ஹிப்போகாம்பஸும், சிறுவருக்கு அதை அடுத்துள்ள அமிக்டலாவும் வயதோடு பெருகுவதாகக் கண்டு, முன்னதில் பெண் சுரப்பான ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் அணுக்களும் பின்னதில் ஆண் சுரப்பினை ஏற்கும் அணுக்களும் மிகுந்திருப்பதோடு அதை இணைத்தனர். பெண்களுக்குச் சொல் ஞாபகம் அதிகம் என்ற பழைய அவதானத்தோடு இது அழகாகப் பொருந்தியதால், பாடப்புத்தகங்களில் விரைவிலேயே இடம்பெற்றது.

அழகாகப் பொருந்துவதனாலேயே ஒரு கொள்கை உண்மையாகிவிடாது. 2016-இல் சிகாகோவை அடுத்த ரோஸலிண்ட் ஃபிராங்க்ளின் சர்வகலாசாலையைச் சார்ந்த லீஸ் எலியட் அம்மையாரும் அவருடைய மாணாக்கரும் 76 கட்டுரைகளை, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஆரோக்கியமான மனிதரின் அளவுகளோடு தொகுத்து ஆராய்ந்தனர். தலையின் பருமனைக் கருதாத கணக்கில் ஆடவரின் ஹிப்போகாம்பஸ் அரைத் திட்டவிலக்க அளவுக்குப் பெரியது. தலையின் பருமனைக் கழித்த கணக்கிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இவ்வுறுப்பில் ஆண் வடிவம் என்றும் பெண் வடிவம் என்றும் இரண்டு இல்லை என்பது அவர்கள் துணிந்து கூறிய முடிவு.

அப்படியானால் விகிதம் கட்டியவர்கள் கண்டது என்ன? விடை கணிதத்தில் இருக்கிறது. பெரிய வீட்டில் சமையலறையும் பெரியதாகத்தான் இருக்கும். ஆயினும் வீடு இரட்டித்தால் சமையலறையும் இரட்டிப்பதில்லை. அதுபோலவே மண்டையின் உட்கொள்ளளவு பெருகும்போது ஹிப்போகாம்பஸும் பெருகுகிறது, ஆனால் அதே விகிதத்தில் பெருகுவதில்லை. ஆகவே, நேராக வகுத்தால் சிறிய தலையுடைய எவருக்கும், அவர் ஆணாயினும் பெண்ணாயினும், விகிதம் கூடித் தோன்றும். பெண்களின் தலை சராசரியில் சிறியதாகையால் அந்த மாயை பெண்மையின் குணமாகத் தோற்றம் கொண்டது. நார்வே தேசத்து ஆய்வு ஒன்று 2015-இல், ஒரே மக்களின் ஒரே அளவுகளை வெவ்வேறு கணக்கு முறைகளுக்கு உட்படுத்தி, முறைக்கு ஏற்றபடி பால்வேற்றுமை தோன்றியும் மறைந்தும் திசை மாறியும் போவதைக் காட்டியது. புரோக்காவின் தராசுக்கும் இன்றைய கம்ப்யூட்டருக்கும் இடையே எவ்வளவோ தூரம் இருப்பினும், எதனால் வகுப்பது என்ற சிக்கல் ஒன்றேயாக நீடித்து வருவதை வாசகர் கவனிக்க வேண்டும்.

எனினும் எலியட்டின் முடிவே கடைசி வார்த்தை என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டனின் பயோபேங்க் திட்டத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் படங்களை 2018-இல் ஆராய்ந்த ஸ்டுவர்ட் ரிச்சி குழுவினர், பல பகுதிகளில் ஆடவருக்குள்ளேயே காணப்படும் ஏற்றத்தாழ்வு பெண்களுக்குள் காணப்படுவதைவிட அதிகம் என்பதை எடுத்துக் காட்டினர். சராசரி ஒன்றாயிருந்தும் பரவல் வேறாயிருக்கக்கூடும். டெல் அவீவ் சர்வகலாசாலையின் தாஃப்னா ஜோயல் அம்மையார், 1,400-க்கு மேற்பட்ட மூளைகளை 2015-இல் ஆராய்ந்து, ஒரே மூளையில் ஆண்களிடம் மிகுந்த கூறும் பெண்களிடம் மிகுந்த கூறும் கலந்தே இருப்பது பெருவழக்கு என்றார். அவரை மறுத்தோர், எல்லாக் கூறுகளையும் சேர்த்து நோக்கினால் ஒரு மூளை ஆணுடையதா பெண்ணுடையதா என்று கம்ப்யூட்டர் பெரும்பாலும் சரியாக ஊகித்துவிடுகிறதே என்றனர். இரு கூற்றும் ஒருங்கே உண்மையாயிருக்கத் தடையில்லை.

அளக்கும் செயலிலும் தகராறு உண்டு. படத்தில் ஹிப்போகாம்பஸின் முன்முனை அமிக்டலாவோடு ஒட்டிக் கிடக்கிறது. அவ்விடத்தில் கோடு எங்கே கிழிப்பது, பின்முனையில் எங்கே நிறுத்துவது என்பதில் ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் வழக்கம் வேறு. இருபுறமும் தனித்தனியே மூன்று, மூன்றரை கன சென்டிமீட்டரே உள்ள ஓர் உறுப்பில், எல்லைக்கோடு சிறிது நகர்ந்தாலும் தேடுகிற வித்தியாசத்தைவிடப் பெரிய வித்தியாசம் விளைந்துவிடும். சர்வதேச நிபுணர்கள் பொதுவான ஒரு வரையறைக்கு உடன்படவே 2015 வரை ஆயிற்று. ஒரே படத்தை ஒரே மென்பொருளின் இரு பதிப்புகளில் அளந்தால் இரு வேறு எண்கள் வருவதை 2012-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் நிரூபித்தனர்.

ஈஸ்ட்ரோஜன் என்ற வாதம்

மூப்பையும் பாலையும் ஒரே முடிச்சில் இணைக்கும் கொள்கை, உட்சுரப்புகளைப் பற்றியது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சர்வகலாசாலையில் புரூஸ் மெக்யூவனின் ஆய்வுக்கூடத்தில் காத்தரின் வுல்லி அம்மையார், பெண் எலிகளின் ஹிப்போகாம்பஸிலுள்ள நரம்பணுக்களுக்குச் சாயமேற்றி, அவற்றின் கிளைகளில் முள் முள்ளாக நிற்கும் நுண்ணிய புடைப்புகளை மைக்ராஸ்கோப்பின் கீழ் எண்ணினார். ஒவ்வொரு முள்ளும் மற்றொரு நரம்பணு செய்தி தரும் வாயில். நான்கைந்து நாளில் முடியும் எலியின் ருதுசக்கரத்துக்குள்ளேயே, ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருக்கும் நாளுக்கும் அதற்கடுத்த கட்டத்துக்கும் இடையில், சி.ஏ.1 பகுதியின் முட்கள் முப்பது சதவீத அளவுக்குக் குறைவதை 1990-இல் அவரும் உடனிருந்தோரும் அறிவித்தனர். வளர்ந்து முடிந்த மூளை மாறாதது என்று நம்பியிருந்த உலகத்துக்கு அது அதிர்ச்சியான செய்தி. இத்துறையில் இதைவிட நேரான, கண்ணால் காணத்தக்க அத்தாட்சி வேறு எளிதில் கிடைக்காது.

இதிலிருந்து ஓர் அனுமானம் இயல்பாகப் பிறந்தது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் வற்றிவிடுகிறது. வற்றியதை மருந்தாக ஊட்டினால் ஞாபகமும் அதன் உறுப்பும் காக்கப்படும் அன்றோ? அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 4,532 பெண்களைக் கொண்டு நடந்த பெரும் பரிசோதனை 2003-இல் இதற்கு மாறான விடை தந்தது. சினைக் குதிரைகளின் மூத்திரத்திலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனையும், செயற்கை ப்ரோஜெஸ்டினையும் சேர்த்து உட்கொண்டவர்களுக்கு மறதிநோயின் அபாயம் இரு மடங்காயிற்று. 2009-இல் வெளிவந்த எம்.ஆர்.ஐ. ஆய்வில், மருந்து உட்கொண்டோரின் ஹிப்போகாம்பஸ் சிறிது குறைந்தே காணப்பட்டது.

கொள்கையினர் சோர்ந்துவிடவில்லை. மாதவிடாய் நின்று பல ஆண்டு கழிந்த முதியோருக்குக் காலங்கடந்து கொடுத்ததே தவறு என்றும், நிற்கும் தறுவாயில் தொடங்கினால் நன்மை விளையும் என்றும் அவர்கள் கூறினர். சூலகங்களை இளவயதிலேயே ரண சிகிச்சையால் இழந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் மறதிநோய் மிகுதி என்று மேயோ கிளினிக்கின் ரோக்கா 2007-இல் கண்டது அவர்களுக்குத் துணையாயிற்று. ஆனால் தக்க பருவத்திலேயே தொடங்கிய கீப்ஸ், எலைட் என்ற இரு பரிசோதனைகளும் 2015, 2016-ஆம் ஆண்டுகளில் முடிவுற்றபோது, அறிவாற்றலில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்றே தெரிய வந்தது. எலியின் நரம்பணுவில் உறுதியாகக் கண்ட ஒன்று மனிதப் பெண்ணின் ஆயுட்காலத்தில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதை இன்னும் எவரும் காட்டவில்லை. பிரசவத்துக்குப் பின் தாய்மாரின் மூளையில் சாம்பல்நிறப் பகுதி சில இடங்களில் குறைவதையும், ஹிப்போகாம்பஸில் ஏற்பட்ட குறைவு இரண்டு ஆண்டுகளில் ஓரளவு மீள்வதையும் 2017-இல் எல்ஸலீன் ஹூக்ஸெமா குழுவினர் கண்டதும் எச்சரிக்கையோடு நோக்கத்தக்கது. குறைவு என்பது எப்பொழுதும் இழப்பே என்று கொள்ள வேண்டியதில்லை. தேவையற்றதைக் கழித்துச் செம்மை செய்வதும் அளவைக் குறைக்கக்கூடும்.

அளவும் ஆற்றலும்

பெரிய ஹிப்போகாம்பஸ் உடையவருக்கு ஞாபகம் சிறந்திருக்கும் என்ற அனுமானம் இவ்வாராய்ச்சி முழுவதிலும் சொல்லாமலே ஒளிந்திருக்கிறது. 2004-இல் ஸைமா வான் பெட்டன் அம்மையார் 33 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, ஆரோக்கியமான முதியோரிடம் அத்தொடர்பு மிக மெலிதாகவும் ஆய்வுக்கு ஆய்வு மாறுபட்டும் இருந்தது. இளையோரிடமோ சிறியதே சிறந்தது என்னும்படி எதிர்த்திசையில் சாய்ந்தது. லண்டன் நகரத்து டாக்ஸி ஓட்டுநரைப் பற்றி எலினார் மெக்வயர் அம்மையார் 2000-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, ஹிப்போகாம்பஸின் பின்பகுதி அவர்களுக்குப் பெரியது என்று காட்டியதை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. முன்பகுதி சிறியதாயிருந்தது என்று அதே கட்டுரை சொன்னதை மறந்துவிட்டது. அந்தப் 16 ஓட்டுநரும் ஆடவரே. வெஸ்ட்டின் மூளைகளோடு இதையும் சேர்த்து நோக்கினால், மனித இனத்தைப் பற்றிய முடிவுகள் என்று நாம் படித்தவற்றுள் எத்தனை, மனித இனத்தில் பாதியைப் பற்றியவை மட்டுமே என்ற கேள்வி எழாமல் இராது.

ஞாபக ஆற்றலில் பால்வேற்றுமை உண்டா? உண்டு, ஆனால் சிறியது. ஸ்வீடனின் அக்னெட்டா ஹெர்லிட்ஸ் குழுவினர் 617 ஆய்வுகளையும் பன்னிரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மனிதரையும் உள்ளடக்கி 2019-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், நிகழ்ச்சி ஞாபகத்தில் பெண்கள் சிறிதளவு முன்னிற்பதும், சொற்களிலும் முகங்களிலும் அவர்கள் கை ஓங்குவதும், வழிகளை நினைவு கொள்வதில் ஆடவர் முந்துவதும் காணப்பட்டன. தலையின் பருமனை நீக்கியபின் ஹிப்போகாம்பஸில் வேறுபாடு மறைகிறது, ஆற்றலிலோ வேறுபாடு தங்குகிறது. ஆகவே ஆற்றலின் வேறுபாட்டை இவ்வுறுப்பின் பருமனால் விளக்கிவிட முடியாது.

பெண்களின் சொல் ஞாபகச் சிறப்பு அவர்களுக்கே ஒருவகையில் பாதகமாகவும் முடிகிறது. எரின் சண்டர்மன் குழுவினர் 2016-இல் காட்டியபடி, ஹிப்போகாம்பஸ் ஆடவருக்குச் சமமாகத் தேய்ந்திருந்தும், அல்ஸைமர் நோயின் ஆரம்பக் கட்டத்தில் உள்ள பெண்கள் சொற்பட்டியல் பரீட்சையில் நல்ல மதிப்பெண் பெறுகின்றனர். இருபாலருக்கும் ஒரே எல்லையை வைத்துச் சோதிக்கும் வைத்தியர், ‘ஒன்றும் இல்லை, போய் வாருங்கள்’ என்று அனுப்பிவிட நேர்கிறது. நோய் வெளிப்படும்போது காலம் கடந்திருக்கும்.

கல்வியும் சமூகமும்

மூளையின் அமைப்பில் காணும் வேற்றுமையெல்லாம் பிறவியிலேயே வந்ததென்று கொள்வது ஒரு பழைய பிழை. 13 ஐரோப்பிய நாடுகளில் ஐம்பது வயதைத் தாண்டிய 31,000 பேரை ஆராய்ந்த டேனியலா வெபர் குழுவினர், வாழ்க்கை வசதியும் கல்வியும் பெருகிய இடங்களிலும் தலைமுறைகளிலும் பெண்களின் நிகழ்ச்சி ஞாபகம் ஆடவருடையதைவிட வேகமாக உயர்வதை 2014-இல் வெளியிட்டனர். 29 நாடுகளின் 7,876 படங்களைக் கொண்ட 2023-ஆம் ஆண்டின் ஆய்வு, ஆண் பெண் சமத்துவம் குறைந்த நாடுகளில் பெண்களின் புறணி சில இடங்களில் ஆடவருடையதைவிட மெலிந்திருப்பதையும், சமத்துவம் மிகுந்த நாடுகளில் அவ்வேறுபாடு காணப்படாததையும் தெரிவித்தது. காரணம் எது, காரியம் எது என்று இத்தகைய ஒப்பீட்டால் மட்டும் நிர்ணயிக்க இயலாது என்பது உண்மையே. ஆயினும் பாலை ஓர் உயிரியல் குறியாக மட்டும் எண்ணி அளவெடுப்போர் இதைப் புறக்கணிக்க நியாயமில்லை.

நம் தேசத்துக்கு இதில் விசேஷமான சம்பந்தம் உண்டு. 60 வயதைத் தாண்டிய இந்தியருள் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023-இல் மதிப்பிட்ட தேசிய ஆய்வு, பெண்களிடம் 9 சதவீதமும் ஆண்களிடம் 5.8 சதவீதமும் என்று கண்டது. இந்த வயதுடைய பெண்களில் பெருவாரியானவர்கள் பள்ளிக்கூடத்தின் உட்புறத்தைக் காணாதவர்கள். ஆகவே இவ்வேறுபாட்டில் கர்ப்பப்பைக்கும் சூலகத்துக்கும் உள்ள பங்கு எவ்வளவு, சிலேட்டும் பலப்பமும் மறுக்கப்பட்டதன் பங்கு எவ்வளவு என்று பிரித்தறியாமல் எதையும் உறுதியாகச் சொல்வது அறமாகாது. ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் ‘இயல்பான’ மூளையும் பெரும்பாலும் மேல்நாட்டாருடையது. ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. நிறுவனம் நூறு இந்தியரின் படங்களைக் கொண்டு 2019-இல் வகுத்த மாதிரியில், இந்திய மூளை சராசரி அளவில் மேல்நாட்டு மாதிரிகளைவிடச் சிறியதாக இருந்தது. அம்மாதிரிகளை அப்படியே கையாளும் வைத்தியர், ஆரோக்கியமான கிழவியின் ஹிப்போகாம்பஸைத் தேய்ந்தது என்று தவறாகக் குறிப்பது எளிது.

இன்னும் தீராதவை

மூப்போடு ஹிப்போகாம்பஸ் சுருங்குகிறது என்பதும், அச்சுருக்கம் பிற்பகுதியில் வேகமடைகிறது என்பதும் ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றுவிட்டன என்று கொள்ளலாம். ஆண் பெண் வேறுபாட்டில் பெரும்பங்கு தலையின் பருமனுக்கு உரியது என்பதும் ஏறக்குறைய நிலைபெற்றதே. தேய்வின் வேகத்தில் இருபாலரும் வேறுபடுகின்றனரா என்பதிலோ சாட்சியம் இன்னும் முரண்படுகிறது. ஆஸ்லோவிலிருந்து 2025-இல் வெளிவந்த ஆய்வு, 4,726 ஆரோக்கியமானவர்களின் 12,638 படங்களைத் தொடர்ந்து நோக்கி, ஆடவருக்கே அதிக இடங்களில் தேய்வு மிகுதி என்றும், பெண்களிடம் அல்ஸைமர் நோய் அதிகம் காணப்படுவதை இயல்பான மூப்பின் பால்வேற்றுமையால் விளக்க முடியாது என்றும் முடிவு செய்தது. பெண்கள் நீண்டகாலம் வாழ்வதே காரணமா, மாதவிடாய் நிற்கும் பருவத்தில் நிகழும் ஏதோ ஒன்று காரணமா, நோயை நிர்ணயிக்கும் பரீட்சைகளே காரணமா என்பதை அவ்வாய்வு தீர்க்கவில்லை.

இதைத் தீர்க்க வேண்டுமானால், நாற்பதைக் கடந்த பெண்களை மாதவிடாய் நிற்பதற்கு முன்பிருந்தே அளக்கத் தொடங்கி, நின்ற பின்னும் இருபது ஆண்டுகள் விடாமல் தொடர வேண்டும். அவர்களுடைய உட்சுரப்பு, பிரசவம், படிப்பு, உழைப்பு ஆகியவற்றின் விவரமும் படத்தோடு சேர்ந்து இருக்க வேண்டும். பெங்களூரின் மூளை ஆராய்ச்சிக் கேந்திரம் கோலார் ஜில்லாவின் ஸ்ரீனிவாசபுரத்தில் 45 வயதைத் தாண்டிய கிராமவாசிகளைத் தொடர்ந்து பரிசோதித்து வரும் திட்டம் அத்தகைய முயற்சிக்கு அண்மையில் வருவது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் கணிசமாகப் பங்குகொள்ளும் இத்தகைய ஆய்வுகளிலிருந்து எண்கள் வந்து சேரும் வரையில், மேல்நாட்டுக் கற்றோரிடமிருந்து எடுத்த சராசரிகளை உலகத்துப் பெண்கள் எல்லாருக்கும் உரியவையாகக் கொள்வது கூடாது.